குழித்துறையில் வேலை, துபாயில் சம்பளம்: ஒரு வருமான வரி நிகழ்வு ஆய்வு

2024 ஜூன் மாதம், மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு முற்பகலில், கன்னியாகுமரி மாவட்டம் குழித்துறையைச் சேர்ந்த ஓர் இளைஞர் தம் தந்தையுடன் மார்த்தாண்டத்தில் உள்ள என் அலுவலகத்துக்கு வந்தார். வீடு கட்டுவதற்குக் கடன் கேட்டிருந்த வங்கி, கடந்த 2 ஆண்டுகளுக்கான வருமான வரிக் கணக்குகளைக் கொண்டுவரச் சொல்லியிருந்தது. அவரிடம் ஒன்றுகூட இல்லை. 10 ஆண்டுகளாக வளைகுடாவில் வேலை பார்த்தவர் என்பதால் அதற்கான தேவை தமக்கு இருந்ததாக அவர் கருதவே இல்லை. "சம்பளம் எல்லாம் துபாய் பேங்க்லதான் சார் விழுது, அதுக்கு இங்க எதுக்கு டாக்ஸ்?" என்று தந்தை கேட்டார். அதற்கு முந்திய வாரம் அவர்கள் அணுகிய மற்றொரு கணக்காளரோ, ஆண்டு முழுவதும் வாங்கிய சம்பளத்துக்கும் வரி கட்ட வேண்டும் என்று கூறி அவர்களைக் கலங்கடித்திருந்தார். இந்த இரண்டு கருத்துகளும் தவறானவை. விளவங்கோடு, கல்குளம் வட்டாரங்களில் வெளிநாட்டுச் சம்பளம் வராத தெருவே அரிது. அவர்களில் பலர் இப்போது ஊரிலிருந்தே அந்த வேலையைத் தொடர்கிறார்கள் என்பதால், இந்த நிகழ்வை முழுமையாக எழுதி வைப்பது பயன்படும் என்று நினைத்தேன். அவரது சம்மதத்துடன், அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

நிகழ்வின் விவரம்

கட்டடப் பொறியியல் படித்த அவர், 2014 ஜூன் மாதம் துபாய் சென்று ஒரு கட்டுமான நிறுவனத்தில் குவான்டிட்டி சர்வேயராகச் சேர்ந்தார். வரைபடங்களைப் பார்த்துக் கான்கிரீட், கம்பி, பூச்சு வேலைகளின் அளவுகளைக் கணக்கிட்டு ஒப்பந்த மதிப்பீடு தயாரிப்பது அவர் பணி. 2023இல் அவர் மாதச் சம்பளம் 9,000 திர்ஹாம். அந்த ஆண்டு ஆகஸ்டில் தந்தைக்கு இதய அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. திருவனந்தபுரத்தில் மருத்துவமனை, குழித்துறையில் வீடு, இடையில் அலைச்சல். வேலையை விட்டுவிடுகிறேன் என்று அவர் சொன்னபோது, நிறுவனம் அதை ஏற்காமல், ஊரிலிருந்தே வேலையைத் தொடர அனுமதித்தது. வரைபடங்கள் கணினியில் வரும், அளவீடு கணினியில் போகும். துபாய் நேரம் நம் நேரத்தைவிட ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது என்பதால், காலையில் தந்தைக்கு மருந்து கொடுத்து முடித்த பிறகு மேசையில் அமர்ந்தாலே போதும்.

2023 ஆகஸ்ட் 20 அன்று அவர் திருவனந்தபுரத்தில் வந்திறங்கினார். மாத இறுதி வரை ஆண்டு விடுப்பு; செப்டம்பர் 1 முதல் வீட்டிலிருந்து வேலை. 2024 பிப்ரவரி 8 இரவு துபாய் சென்று, 10 நாள் அலுவலகத்திலேயே பணியாற்றிவிட்டு, 19 அன்று திரும்பினார். அதன்பின் மார்ச் 31 வரை ஊரில்தான் இருந்தார். சம்பளம் எப்போதும்போல் துபாய் வங்கிக் கணக்கில் சேர்ந்தது. அங்கிருந்து மாதந்தோறும் ஒரு தொகையை இங்குள்ள என்.ஆர்.இ. கணக்குக்கு, அதாவது வெளிநாடுவாழ் இந்தியருக்கான வங்கிக் கணக்குக்கு, அனுப்பிக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள்கணக்குகள்

அந்த பிப்ரவரிப் பயணத்தை அவர் எதற்காக மேற்கொண்டார் என்று கேட்டபோதுதான் குழப்பத்தின் வேர் புலப்பட்டது. ஐக்கிய அரபு அமீரகத்தின் வழக்கமான குடியிருப்பு விசா உடையவர், தொடர்ச்சியாக 6 மாதங்களுக்கு மேல் அந்நாட்டுக்கு வெளியே தங்கினால் விசா செல்லாமல் போய்விடும். நம் ஊரில் இதை '180 நாள்' என்று எல்லோரும் அறிவார்கள். இடையில் ஒருமுறை போய் வந்துவிட்டால் அந்த எண்ணிக்கை மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும். இந்திய வருமான வரிச் சட்டத்தின் 182 நாள் வரம்பும் இதே விதமாகத்தான் இயங்கும் என்று அவர் நம்பியிருந்தார். பாஸ்போர்ட்டில் புதிய சீல் விழுந்துவிட்டதால் தாம் என்.ஆர்.ஐ. எனப்படும் வெளிநாடுவாழ் இந்தியர் நிலையிலேயே இருப்பதாகவும் எண்ணியிருந்தார். எண்கள் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதனால் நேரும் இந்தப் பிழையை வேறு பலரிடமும் கண்டிருக்கிறேன்.

வருமான வரிச் சட்டம் தொடர்ச்சியைப் பார்ப்பதில்லை. ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையிலான நிதியாண்டுக்குள், எத்தனை முறை வந்து போனாலும், இந்தியாவில் இருந்த நாள்கள் அனைத்தையும் கூட்டுகிறது. அந்தக் கூட்டுத்தொகை 182ஐ எட்டினால் அவர் அந்த ஆண்டுக்கு இந்தியக் குடியிருப்பாளர். வந்த நாள், புறப்பட்ட நாள் இரண்டையும் சேர்த்தே எண்ணுவது பாதுகாப்பானது. அவர் பாஸ்போர்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எண்ணினோம்: ஆகஸ்ட் 20 முதல் பிப்ரவரி 8 வரை 173 நாள், பிப்ரவரி 19 முதல் மார்ச் 31 வரை 42 நாள், ஆக 215. 2023–24இல் அவர் குடியிருப்பாளர் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

இந்த இடத்தில்தான் முந்திய கணக்காளர் நின்றுவிட்டார். குடியிருப்பாளர் என்றால் உலகில் எங்கு ஈட்டிய வருமானத்துக்கும் இங்கே வரி உண்டு என்பது பொது விதி. ஆனால் நெடுங்காலம் வெளிநாட்டில் இருந்து திரும்புகிறவருக்குச் சட்டம் ஓர் இடைநிலையைத் தருகிறது. நடைமுறையில் ஆர்.என்.ஓ.ஆர். என்று சொல்லப்படும் அந்த நிலை, 'குடியிருப்பவர், ஆனால் வழக்கமாகக் குடியிருப்பவர் அல்லர்' என்று பொருள்படும். முந்தைய 10 ஆண்டுகளில் 9 ஆண்டுகள் வெளிநாடுவாழ் நிலையில் இருந்திருந்தாலோ, முந்தைய 7 ஆண்டுகளில் இந்தியாவில் இருந்த மொத்த நாள்கள் 729க்கு மிகாமல் இருந்தாலோ அந்த நிலை கிட்டும். இரண்டில் ஒன்று போதும். இவர் 2014–15 முதல் 2022–23 வரை சரியாக 9 ஆண்டுகள் வெளிநாடுவாழ் நிலையில் இருந்தவர். ஆகவே 2023–24க்கு அவர் ஆர்.என்.ஓ.ஆர். ஆகிறார். இந்த நிலையில் உள்ளவர், வெளிநாட்டில் ஈட்டி வெளிநாட்டிலேயே பெற்ற வருமானத்துக்கு இங்கே வரி கட்ட வேண்டியதில்லை. இந்தியாவிலிருந்து கட்டுப்படுத்தப்படும் தொழிலின் வருமானம் மட்டும் அதற்கு விதிவிலக்கு.

வேலை எங்கே நடந்தது?

அப்படியானால் துபாய் சம்பளம் முழுவதும் தப்பிவிட்டதா? தந்தை இதை ஆவலோடு கேட்டார். இல்லை என்று சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. இந்த நிகழ்வில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். சம்பளம் எந்த நாட்டின் வருமானம் என்பதை, அதைக் கொடுக்கிற நிறுவனம் எங்கே இருக்கிறது என்பதோ, எந்த வங்கியில் அது சேர்கிறது என்பதோ தீர்மானிப்பதில்லை. அந்தச் சம்பளத்துக்கான உழைப்பு எங்கே நிகழ்ந்தது என்பதே தீர்மானிக்கிறது. இந்தியாவில் ஆற்றிய பணிக்கான சம்பளம் இந்தியாவில் ஈட்டியதாகவே கொள்ளப்படும் என்று 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 9ஆம் பிரிவு கூறுகிறது. குழித்துறை வீட்டு மேசையில் அமர்ந்து துபாய் கட்டடத்தின் கம்பி எடையைக் கணக்கிட்டால், அந்தக் கூலி குழித்துறையில் ஈட்டிய கூலி.

இதனால் ஒரு துணை முடிவும் பிறக்கிறது. 182 நாள் வரம்புக்குள் ஊரில் தங்கிப் புறப்பட்டுவிட்டாலும், தங்கிய நாள்களில் மடிக்கணினியைத் திறந்து வேலை பார்த்திருந்தால், அந்த நாள்களுக்கான சம்பளம் நம் சட்டப்படி இந்திய வருமானமே. அத்தகையவருக்கு இந்திய–அமீரக இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தத்தின் 15ஆம் பிரிவு கைகொடுக்கக்கூடும்: ஒரு நிதியாண்டில் 183 நாள்களுக்கு மேல் இங்கே இல்லாமல், சம்பளம் தருபவர் இந்தியக் குடியிருப்பாளராக இல்லாமல், அந்தச் சம்பளச் செலவு அந்த நிறுவனத்துக்கு இங்குள்ள கிளை போன்ற நிலையான தொழிலிடம் எதன்மீதும் விழாமல் இருந்தால் இங்கே வரி இல்லை. ஆனால் அந்தச் சலுகை அமீரகக் குடியிருப்பாளருக்கே உரியது. அதற்கு ஒரு நாட்காட்டி ஆண்டில் குறைந்தது 183 நாள் அங்கே இருந்திருக்க வேண்டும். அந்நாட்டின் வரிக் குடியிருப்புச் சான்றிதழும், ஒப்பந்தச் சலுகை கோருவதற்கான படிவம் 10எஃப்பும் வேண்டும். நம்மவர் 2023ஆம் ஆண்டில் 183 நாளுக்கு மேல் துபாயில் இருந்தவர்தான். எனினும் நம் சட்டப்படியும் குடியிருப்பாளராகிவிட்ட நிலையில், இரண்டில் எந்த நாட்டின் குடியிருப்பாளராகக் கொள்வது என்று தீர்மானிக்க, நிலையான வீடு, குடும்பம், வாழ்க்கையின் மையம் எங்கே என்ற அடுத்த கேள்வி எழுகிறது. மனைவி, குழந்தை, பெற்றோர் எல்லோரும் குழித்துறையில் இருக்க, துபாயில் பங்கு அறை ஒன்றில் ஒரு கட்டில் மட்டுமே அவருக்கு இருந்தது. அதற்கு மேலும், 215 நாள் தங்கியவர் 183 நாள் சலுகையைக் கேட்க முடியாது. ஒப்பந்தம் அவருக்கு உதவவில்லை.

ஆகவே விடை இவ்வாறு அமைந்தது: ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரையிலான சம்பளம் துபாயில் உழைத்து ஈட்டி அங்கேயே பெற்றது, அதற்கு வரி இல்லை. ஆகஸ்ட் இறுதியில் எடுத்த விடுப்பும் துபாய் பணிக்காலத்தில் சேர்ந்த விடுப்பு. பிப்ரவரியில் அங்கே வேலை பார்த்த 10 நாளுக்கும் இல்லை. செப்டம்பர் 1 முதல் மார்ச் 31 வரையிலான எஞ்சிய நாள்களுக்கு உண்டு.

இப்படிப் பிரித்துக் காட்டுவதற்குச் சான்று தேவை. வாய்ச்சொல்லை நம்பிக் கணக்குத் தாக்கல் செய்வது, நாளை விளக்கம் கேட்டு அறிவிப்பு வரும்போது நம்மைக் கைவிட்டுவிடும். எனவே நிறுவனத்தின் பணியாளர் துறையிலிருந்து ஒரு கடிதம் வாங்கச் சொன்னேன்: எந்தத் தேதி வரை அலுவலகத்தில் பணி, எந்தத் தேதியிலிருந்து இந்தியாவிலிருந்து பணி, பிப்ரவரியில் எந்த நாள்கள் மீண்டும் அலுவலகத்தில் என்பவை அதில் தெளிவாக இருக்க வேண்டும். அதோடு 12 மாதச் சம்பளச் சீட்டுகள், வருகைப் பதிவின் நகல், விமானப் பயணச் சீட்டுகள், சீல் உள்ள பாஸ்போர்ட் பக்கங்கள். இவை கைக்கு வர 2 வாரம் ஆயிற்று. இப்போது பல விமான நிலையங்களில் தானியங்கி வாயில் வழியாகச் சீல் இல்லாமலே கடந்துவிடலாம் என்பதால், பயணச் சீட்டுகளைப் பாதுகாப்பது முன்னைவிட அவசியமாகிவிட்டது.

தொகை

7 மாதச் சம்பளம் 63,000 திர்ஹாம். அதில் பிப்ரவரியின் 29 நாளில் 10 நாளுக்கான 3,103 திர்ஹாமைக் கழித்தால் 59,897. திர்ஹாமை ரூபாயாக்கும்போது, சம்பளம் உரியதாகும் மாதத்துக்கு முந்தைய மாதத்தின் கடைசி நாளில் பாரத ஸ்டேட் வங்கியின் தந்திப் பரிமாற்றக் கொள்முதல் விலையை, அதாவது அந்நியச் செலாவணியை அந்த வங்கி வாங்கும் விலையை, எடுக்க வேண்டும் என்பது விதி. தாக்கலில் மாதவாரியாகவே கணக்கிட்டோம். இங்கே படிப்பதற்கு எளிதாக, சராசரியாக 22.50 ரூபாய் என்று கொள்கிறேன். அப்போது 13,47,700 ரூபாய் வருகிறது. சம்பளம் வாங்குவோர் எல்லோருக்கும் பொதுவான நிலைக்கழிவு 50,000 போக 12,97,700. புதிய வரி முறையின் 2023–24 விகிதங்களில் வரி 1,09,540 ரூபாய், 4 சதவீதக் கூடுதல் தீர்வையுடன் 1,13,920. பழைய முறையில் காப்பீடு முதலிய கழிவுகளைச் சேர்த்தும் இதைவிட அதிகமாகவே வந்தது. ஆண்டுச் சம்பளம் முழுவதற்கும் வரி என்று முந்திய கணக்காளர் சொன்னபடி செய்திருந்தால் 4,30,560 ரூபாய் கட்ட நேர்ந்திருக்கும். இடையில் உள்ள 3,16,640 ரூபாய், அந்த வீட்டின் மேல்தளக் கான்கிரீட்டுக்கு ஆகும் செலவில் பெரும்பகுதி.

வட்டியையும் சொல்ல வேண்டும். துபாய் நிறுவனம் இங்கே வரிப் பிடித்தம் செய்யாததால், முன்கூட்டிய வரியை அவரே ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் தவணைகளில் கட்டியிருக்க வேண்டும். தவணைகள் தவறியதற்கு 234சி பிரிவின்படி 5,747 ரூபாயும், நிதியாண்டு முடிந்த பின்னும் நிலுவையில் இருந்ததற்கு, ஏப்ரல் முதல் ஜூலை 12 வரையிலான 4 மாதங்களுக்கு, 234பி பிரிவின்படி 4,556 ரூபாயும் வட்டியாகச் சேர்ந்தன. 2023 ஜூன் 15 தவணைக்கும் வட்டி உண்டு என்பது அவருக்குப் புரியவே இல்லை. அந்தத் தேதியில் அவர் துபாயில் இருந்தார். தந்தைக்கு நோய் வரும் என்று அவருக்குத் தெரியாது. சம்பள வருமானத்துக்கு இந்த வகையில் சட்டம் விலக்குத் தரவில்லை. இது கடுமையான ஏற்பாடு என்பதே என் கருத்து; திரும்பி வருகிறவர் எவரும் வரும்போதே நாள்கணக்கைத் திட்டமிட்டு வருவதில்லை. மொத்தம் 1,24,220 ரூபாய் கட்டி, ஐ.டி.ஆர்.–2 படிவத்தில், ஜூலை 31க்கு முன்பே தாக்கல் செய்தோம். ஆர்.என்.ஓ.ஆர். நிலையில் உள்ளவர் எளிய ஐ.டி.ஆர்.–1 படிவத்தைப் பயன்படுத்த முடியாது.

அமீரகத்தில் தனிநபர் வருமான வரி இல்லாததால், அங்கே கட்டிய வரியை இங்கே கழித்துக்கொள்ளும் பேச்சுக்கு இடமில்லை. சிங்கப்பூரிலோ ஜெர்மனியிலோ உள்ள நிறுவனத்துக்கு ஊரிலிருந்து வேலை செய்து, அங்கே வரி பிடிக்கப்படுகிறவர்களின் நிலை வேறு. ஒப்பந்தம் அந்தப் பிடித்தத்தை அனுமதிக்கிறதா என்று முதலில் பார்த்து, அனுமதித்தால் படிவம் 67 தாக்கல் செய்து கழிவு கோர வேண்டும்.

இந்தப் பேச்சின் நடுவே தந்தை, வளைகுடாக்காரர்கள் எல்லோருக்கும் வரி வந்துவிட்டதாக 2020இல் பரவிய செய்தியை நினைவுகூர்ந்தார். அந்த ஆண்டு நிதிநிலை அறிக்கையில், வேறெந்த நாட்டிலும் வரிக்கு உட்படாத இந்தியக் குடிமகனைக் குடியிருப்பாளராகக் கொள்ளும் விதி முன்மொழியப்பட்டது உண்மை. வளைகுடாவில் மெய்யாகவே உழைப்பவர்களை அது குறிக்கவில்லை என்று அரசு மறுநாளே, பிப்ரவரி 2 அன்று, விளக்கம் தந்தது. இந்திய வருமானம் 15 லட்சம் ரூபாயைத் தாண்டியவர்களுக்கே அது பொருந்தும் என்ற வரம்பும் சட்டத்தில் சேர்ந்தது. அப்படிப்பட்டவர்களுக்கு 182க்குப் பதிலாக 120 நாள் என்ற வரம்பும் அப்போது வந்ததுதான். இங்கே வாடகைக் கட்டடங்கள் வழியாகப் பெரிய வருமானம் உள்ளவர்கள் அதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்த இரண்டு ஆண்டுகள்

தந்தையின் உடல்நிலை அவரை ஊரிலேயே நிறுத்திவிட்டது. 2024 ஜூன் இறுதியில் அவர் பணி விலகினார்; ஜூலை முதல் அதே நிறுவனத்துக்கு ஆலோசகராகத் தனி ஒப்பந்தம் செய்துகொண்டார். இதில் நான் ஓர் எச்சரிக்கை சொன்னேன். பெயரை மட்டும் மாற்றிவிட்டு, பழையபடி விடுப்புக்கு அனுமதி கேட்டு, மாதச் சம்பளம் வாங்குவது ஒப்பந்தப் பணி ஆகாது. அவர் பிற நிறுவனங்களின் மதிப்பீட்டு வேலைகளையும் எடுக்கலாம், சொந்தக் கணினி, சொந்த மென்பொருள், வேலைவாரியாக விலைப்பட்டியல் என்று ஒப்பந்தம் உண்மையாகவே அமைந்த பிறகே அடுத்த படிக்குப் போனோம். நிறுவனத்தின் பெயரில் இங்கே யாருடனும் ஒப்பந்தம் செய்யும் அதிகாரம் அவருக்கு இல்லை என்பதையும் அதில் எழுத வைத்தோம்.

விலகியபோது பணிக்கொடை கிடைத்தது. அமீரகச் சட்டப்படி முதல் 5 ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதன்பின் ஆண்டுக்கு 30 நாள். அவர் அடிப்படைச் சம்பளம் 5,400 திர்ஹாம், அதாவது நாளொன்றுக்கு 180. 10 ஆண்டுக்கு 45,900 திர்ஹாம். அந்தத் தொகையை வாங்காமல் நிறுவனத்திடமே விட்டுவைத்து, வீட்டுவேலை முற்றும்போது வாங்கலாம் என்பது அவர் எண்ணம். உடனே, துபாய் கணக்கிலேயே வாங்கிவிடச் சொன்னேன். 2024–25இலும் அவர் ஆர்.என்.ஓ.ஆர். நிலையில்தான் இருந்தார்; முந்தைய 10 ஆண்டில் 9 என்ற கணக்கு அந்த ஆண்டுக்கும் பொருந்தியது. அந்த நிலை இருக்கும்போதே, துபாய் உழைப்புக்கான பணிக்கொடையைத் துபாயிலேயே பெற்றால் இங்கே வரி இல்லை. ஊரிலிருந்து பணிபுரிந்த 10 மாதத்துக்கான 4,500 திர்ஹாமை மட்டும் இந்திய வருமானமாகக் காட்டி, அதற்குப் பணிக்கொடை விலக்கைக் கோரினோம்.

ஆலோசனைக் கட்டணத்துக்கு 44ஏடிஏ பிரிவு பொருந்தியது. பொறியியல் அதில் குறிப்பிட்ட தொழில்களில் ஒன்று. வரவில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும். ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான சம்பளமும், 9 மாதக் கட்டணத்தில் பாதியும் சேர்ந்து அவர் வரிக்குரிய வருமானம் 14,66,700 ரூபாயாகவும், வரி 1,38,670 ரூபாயாகவும் வந்தன. இம்முறை முன்கூட்டிய வரியைத் தவணைகளில் கட்டினார். படிவம் ஐ.டி.ஆர்.–3, எளிய ஐ.டி.ஆர்.–4 ஆர்.என்.ஓ.ஆர். நிலைக்கு இல்லை. கட்டணம் துபாய் கணக்குக்குப் போகாமல் நேரடியாக இங்குள்ள வங்கிக்கு அந்நியச் செலாவணியாக வர ஏற்பாடு செய்தோம், ஏனெனில் சேவை ஏற்றுமதி என்று நிறுவ அந்தப் பணவரவுச் சான்று வேண்டும். அந்த ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் நின்றதால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமாகவில்லை. முழு ஆண்டு வரவு அந்த வரம்பைத் தாண்டும் என்பதால், 2025–26 தொடக்கத்திலேயே பதிவு செய்து, வரி கட்டாமல் ஏற்றுமதி செய்வதற்கான உறுதிமொழியையும் தாக்கல் செய்துவிட்டோம். என்.ஆர்.இ. கணக்கை உள்நாட்டுக் கணக்காக மாற்றச் சொல்லி வங்கிக்குக் கடிதம் கொடுத்தார்.

2025–26இல்தான் நிலை முற்றிலும் மாறுகிறது. முந்தைய 10 ஆண்டில் வெளிநாடுவாழ் ஆண்டுகள் 8 ஆகக் குறைந்துவிட்டன. எஞ்சியது 729 நாள் கணக்கு. பாஸ்போர்ட்டை மீண்டும் திறந்தோம். 2018–19இல் விடுப்பு 42 நாள், அடுத்த ஆண்டு 38, பெருந்தொற்று ஆண்டில் வரவே இல்லை, 2021–22இல் திருமணத்துக்காக 61, 2022–23இல் 33, ஆக 174. அதோடு 2023–24இன் 215, 2024–25இன் 365. மொத்தம் 754. திருமணத்துக்கு ஒரு மாதம் குறைவாக வந்திருந்தால் இன்னோர் ஆண்டு ஆர்.என்.ஓ.ஆர். நிலை கிட்டியிருக்கும் என்று அவர் சொல்லிச் சிரித்தார். அருகிலிருந்த அவர் மனைவி சிரிக்கவில்லை.

இனி அவர் முழுக் குடியிருப்பாளர். துபாய் கணக்கில் கிடக்கும் பணத்தைச் சட்டப்படி அவர் வைத்திருக்கலாம். வெளிநாட்டில் வாழ்ந்தபோது ஈட்டிய சொத்தைத் தொடர்ந்து வைத்திருக்க அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் வட்டி ஒரு திர்ஹாம் வந்தாலும் இங்கே காட்ட வேண்டும். வரிக் கணக்கின் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் அந்தக் கணக்கின் விவரத்தையும் நாட்காட்டி ஆண்டின் அடிப்படையில் எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் 2015ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டத்தின் கீழ் 10 லட்சம் ரூபாய் தண்டம் விதிக்கப்படலாம். அசையாச் சொத்து நீங்கலாக 20 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத வெளிநாட்டுச் சொத்துகளுக்கு 2024 அக்டோபர் முதல் அந்தத் தண்டம் தளர்த்தப்பட்டிருக்கிறது என்றாலும், எழுத வேண்டிய கடமை அப்படியேதான் இருக்கிறது. 2026 ஏப்ரல் 1ஐ நடைமுறைத் தேதியாகக் கொண்ட 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 'வரி ஆண்டு' என்ற சொல்லைக் கொண்டுவருகிறது. 182 நாள், 729 நாள் வரம்புகள் அதிலும் மாறவில்லை.

வங்கிக் கடன் இரண்டாவது கணக்குத் தாக்கலுக்குப் பிறகு கிடைத்தது. துபாய் கணக்கை மூடுவதா வைத்திருப்பதா என்று அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. 2014 முதலான வருகைத் தேதிகளை வரிசையாக எழுதிய ஒரு தாளை மட்டும், பாஸ்போர்ட் நகல்களோடு என் கோப்பில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.